பயிற்சியாளர் தேடிப் போய் வந்தவாசியில் கை நனைத்த கதை

வாழ்க்கையில் ஒரே ஒருமுறைதான் பெண் பார்க்கப் போனேன் என்று என் மனைவி மங்கையின் தலையில் கை வைத்து என்னால் சத்தியம் செய்ய முடியாது. இரண்டு முறை போயிருக்கிறேன். முதல் முறை மங்கையைப் பார்க்க. இரண்டாவது முறை எங்கள் கல்லூரிப் பெண்கள் கூடைப்பந்து அணிக்குத் தலைமைப் பயிற்சியாளர் பார்க்க. முதல் முறை நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டு ஒரு வார்த்தை வரவில்லை. இரண்டாவது முறை தாராளமாக வந்தது. வராமலே இருந்திருக்கலாம்.

ஆரணிக்குப் பக்கத்தில் ஒரு தனியார் கல்லூரியில் தமிழ் கற்பிக்கிறேன். ஓய்ந்த நேரத்தில் வசனகவிதை எழுதுவேன் (ஓயாத நேரத்திலும்தான் என்பாள் மங்கை). கூடைப்பந்துக்கும் எனக்கும் இருந்த உறவெல்லாம் மைதானத்து ஓரத்தில் நிற்கும் வேப்பமரத்தோடு சரி. அதன் நிழலில் உட்கார்ந்து பந்து தரையில் துள்ளுவதைக் கேட்டுக்கொண்டிருப்பேன். தறிச் சத்தத்தோடு வளர்ந்த காது என்னுடையது. தறி அடுத்த அடியை எப்போது அடிக்கும் என்று தூக்கத்தில்கூடச் சொல்லிவிடுவேன். பந்து அப்படியில்லை. துள்ளும், துள்ளும், சட்டென்று மௌனமாகும். அந்த மௌனத்தில் ஒரு பெண் எங்கோ காற்றில் இருக்கிறாள் என்று அர்த்தம்.

இதை அப்படியே கல்லூரி மலரில் எழுதித் தொலைத்தேன். வினை அங்கேதான் ஆரம்பித்தது. பழைய பயிற்சியாளர் வேறு வேலை கிடைத்துச் சென்னைக்குப் போய்விட, புதியவரைத் தேர்ந்தெடுக்கும் குழுவில் ‘விளையாட்டில் ஆர்வமுள்ள ஆசிரியர்’ என்று என்னைச் சேர்த்துவிட்டார்கள்.

குழு என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. தாளாளர் ஏகாம்பரம் பேசுவார், மற்றவர்கள் தலையாட்டுவோம். ஆரணியில் பட்டுக்கடை வைத்திருப்பவர், நல்ல மனிதர், கூடைப்பந்தில் என்னைவிடக் கொஞ்சம் கூடுதலாகத் தெரிந்தவர். அதாவது எந்தப் பக்கம் நம் கூடை என்று அவருக்குத் தெரியும்.

நேர்காணலுக்கு முதலில் வந்தவர் நிலைவாசலில் குனிந்து நுழைந்தார். “நல்ல ஒசரம், எட்டிப் போட்டுடுவாரு” என்று தாளாளர் என் காதில் மகிழ்ந்தார். (பயிற்சியாளர் பந்து போடப் போவதில்லை என்பதை யாரும் அவரிடம் சொல்லவில்லை. எனக்கே அப்போது அது உறுதியாகத் தெரியாது.) இரண்டாமவர் ஒழுக்கம், ஊக்கம், உழைப்பு, உயர்வு என்று அடுக்கிக்கொண்டே போனார். எனக்கு அவர்மேல் காதலே வந்துவிட்டது. பிறகு அரைமணி நேரம் மைதானத்தில் பெண்களோடு விட்டுப் பார்த்தபோது, அவர் அடுக்கிக்கொண்டே இருந்தார், பெண்கள் நின்றுகொண்டே இருந்தார்கள்.

மூன்றாவதாக வந்தவர் வளர்மதி. வந்தவாசியில் ஒரு பள்ளியில் பி.டி. டீச்சர். முப்பதைத் தாண்டியவர், குள்ளம். பேச்சில் அலங்காரம் கிடையாது. மைதானத்தில் இறங்கியதும் பத்தே நிமிடத்தில் எல்லாப் பெண்களின் பெயரையும் சொல்லிக் கூப்பிட ஆரம்பித்துவிட்டார். நான் மூன்று வருடம் பாடம் நடத்தியும் ‘ஏம்மா, அந்த ஜன்னலோரம்’ என்றுதான் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

“வேலைக்கு எடுத்தா மொதல்ல இன்னாம்மா செய்வே?” என்று கேட்டார் தாளாளர்.

“கோர்ட்டு ஓரத்துல சோபா போட்டு வெச்சிருக்கீங்களே சார், அத எடுக்கச் சொல்லுவேன். ஓடியாந்து நிக்க எடமில்ல. எதுனா பொண்ணு மோதி கால ஒடச்சிக்கும்.”

அது தாளாளரின் குடும்பம் உட்கார்ந்து ஆட்டம் பார்க்கும் சோபா. 

அவர் போன பிறகு தாளாளர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “பொண்ணு கெட்டிக்காரிதான். ஆனா விசாரிக்காம எடுக்கக் கூடாது. பட்டுன்னா கையில வாங்கினாலே சொல்லிடும். ஆளுன்னா நாலு பேரக் கேக்கணும். நம்ம வழக்கம் அதானே? சார், நீங்க போய்ட்டு வாங்க.”

“நானா?”

“நீங்க பேசினா எவனும் சந்தேகப்பட மாட்டான். ஆனா ஒண்ணு. காலேஜ்லருந்து வந்திருக்கேன்னு மூச்சு விடக் கூடாது. சொன்னா எல்லாம் நல்லவிதமாத்தான் சொல்லுவாங்க.”

மூச்சு விடமாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன்.

நான் புறப்பட்டது ஒரு முகூர்த்த நாளில். காலையில் ஆரணியில் பழைய மாணவி ஒருத்திக்குக் கல்யாணம். தாலி கட்டியதும் பந்தியில் உட்காராமல் ஓடி வந்து வந்தவாசி பஸ்ஸைப் பிடித்தேன். உடம்பில் பட்டுவேட்டி, நெற்றியில் சந்தனம், புதிதாகச் சாயம் பூசிய தலை, கையில் தேங்காயும் வெற்றிலை பாக்கும் போட்ட தாம்பூலப் பை. இந்தக் கோலத்தில் ஒருவன் போய், கல்யாணமாகாத பெண்ணின் தெருமுனையில் நின்று, அவள் குணம் எப்படி என்று கேட்டால் ஊர் என்ன நினைக்கும்? இதை யோசிக்க ஒரு சாதாரண மூளை போதும். என்னிடம் இருந்தது கவிஞன் மூளை. அது வழியெல்லாம் வயலையும் வானத்தையும் பார்த்துக்கொண்டு வந்தது.

தெருமுனை டீக்கடையில் ஆரம்பித்தேன்.

“இங்க வளர்மதின்னு ஒரு பி.டி. டீச்சர்...”

கடைக்காரர் என் நெற்றியைப் பார்த்தார், வேட்டியைப் பார்த்தார், பையைப் பார்த்தார். முகம் மலர்ந்துவிட்டது.

“எந்தூருங்க?”

“ஆரணி.”

“அதானே பாத்தேன். ஒக்காருங்க, ஒக்காருங்க. நம்ம வூட்டுப் பொண்ணு மாதிரிங்க அது. இன்னா தெரியணும் சொல்லுங்க.” பிறகு குரலைத் தாழ்த்தி, “வூட்ல உங்களுக்கு...?” என்றார்.

எதையும் சொல்லிவிடக் கூடாது என்ற எச்சரிக்கையில் நான் வாயை இறுக்கிக்கொண்டு வானத்தைப் பார்த்தேன்.

“ஐயோ பாவம்” என்றார். இரண்டாவது டீ தானாக வந்தது.

“கோபம் வருமா அவங்களுக்கு?” என்று கேட்டேன்.

அவர் கண்ணாடி டம்ளரைக் கழுவிக்கொண்டே தயங்கினார். “மறைக்கக் கூடாது பாருங்க, நாளைக்கு நம்மள சொல்லுவாங்க. வரும். கிரவுண்டுல நின்னுகினு கத்தினா இங்க டீ தளும்பும்.”

“பிரமாதம்!” என்றேன்.

அவர் என்னை உற்றுப் பார்த்தார். பக்கத்தில் பூ கட்டிக்கொண்டிருந்த அம்மாள் நூலை நிறுத்திவிட்டு எங்கள் பக்கம் திரும்பினாள். அவளுக்கும் சொல்ல நிறைய இருந்தது.

“கத்துறது கெடக்கட்டும்பா. கல்யாணம் காட்சின்னு ஒரு எடத்துக்கு வரமாட்டா. கேட்டா பிராக்டிஸ்ஸுன்னுவா. அந்த ஸ்கூலு பிரசிடெண்டு பேத்தி இருக்குதே, அது லேட்டா வந்துச்சின்னு மேட்ச் பூரா வெளிய ஒக்கார வெச்சிட்டா. பெரிய எடம்னு பாக்க வேணாம்?”

“உக்கார வெச்சாங்களா? அப்புறம்?”

“அப்புறம் இன்னா, தோத்தாங்கோ. ஆனா அந்தப் பொண்ணு மறுநாள் எல்லாருக்கும் முன்ன வந்து நின்னுச்சி. அத வுடு. எம் பொண்ணு வயசுக்கு வந்தப்ப, ஆட்டம் போதும்னு நிறுத்திட்டேன். தெனம் சாயங்காலம் இந்த டீச்சரு எங்க வூட்டு வாசல்ல வந்து நிப்பா. ஒண்ணும் பேச மாட்டா. சும்மா நிப்பா. ஒரே பேஜாராப் பூடுச்சி. போய்த் தொலைடின்னு பொண்ண அனுப்பிட்டேன்.”

“இப்ப?”

“இப்ப போலீசு செலக்சனுக்கு ஓடிகினு இருக்குது” என்றாள் பூக்காரம்மா, கட்டிய பூவை முழம் போட்டபடி. குரலில் புகார் கொஞ்சம் இளகியிருந்தது.

கேட்கக் கேட்க எனக்குள் ஏதோ விளங்கிக்கொண்டே வந்தது. நேர்காணலில் நாங்கள் கேட்டதெல்லாம் சான்றிதழ், அனுபவம், வென்ற கோப்பைகள். இங்கே தெரு தன் மனத்தாங்கலைக் கொட்டுகிறது; கொட்டக் கொட்ட ஒரு பயிற்சியாளர் எழுந்து நிற்கிறார். தோற்றாலும் பரவாயில்லை என்று ஒரு பெண்ணை உட்கார வைக்கிறவர். ஆட்டத்தை விட்டுப்போனவளின் வாசலில் போய்ப் பேசாமல் நிற்கிறவர். எங்கள் ஊர்ப் பெண்களைத் திட்டாதவர்கள் யார்? சத்தமாகச் சிரித்தால் திட்டு, பஸ் தாமதமானால் திட்டு. ஆனால் ‘உன்னால் இதைவிட உயரமாக எம்ப முடியும்’ என்று அவர்களை யாராவது திட்டியிருக்கிறார்களா? ஒருவரை நம்பினால்தான் அப்படிக் கோபப்பட முடியும். நான் என் மாணவர்கள்மேல் கோபப்பட்டதே இல்லை. அதைப் பெருந்தன்மை என்று இத்தனை வருடம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

“இவ்ளோ சொல்றேன், சிரிச்சிகினே இருக்கிறியேபா?” என்றாள் பூக்காரம்மா.

“எங்களுக்கு இப்படி ஒருத்தங்கதாம்மா வேணும். பன்னெண்டு பொண்ணுங்க இருக்குது. கேக்க ஆளில்லாம கெடக்குதுங்க.”

“பன்னெண்டா!” நூல்கண்டு உருண்டு சாலைக்கே போய்விட்டது. என்னை உச்சியிலிருந்து பாதம்வரை ஒருமுறை பார்த்தாள். “பாவம், மகராசி போய்ச் சேந்துட்டா.”

யார் போய்ச் சேர்ந்தது என்று கேட்பதற்குள் ஒரு மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. டீக்கடைக்காரர் எப்போது போன் செய்தாரோ தெரியாது. வெள்ளைச் சட்டைக்காரர் இறங்கிக் கைகூப்பினார். “வளர்மதிக்குத் தாய்மாமனுங்க. வெய்யில்ல நின்னுகினு இருக்கீங்களாமே. ஏறுங்க, வூட்டுக்குப் போலாம். ஜல்தி, ஜல்தி.”

“இல்லீங்க, நான் சும்மா...”

“சும்மாதாங்க. எல்லாரும் மொதல்ல சும்மாதான் வருவாங்க.”

ஏறிவிட்டேன். ‘முடியாது’ என்ற சொல்லை இலக்கணமாகக் கற்பிக்கத் தெரியும். வாயால் சொல்லத் தெரியாது.

வீட்டில் ஒரே ஒரு நல்ல நாற்காலி இருந்தது. அதில் என்னை உட்கார வைத்து, மின்விசிறியை என் பக்கமாகத் திருப்பினார்கள். கதவிடுக்கில் கண்கள். வளர்மதியின் அம்மா புதுப்புடவையின் மடிப்பு கலையாமல் வந்து நின்றார்கள். அவசரத்தில் ஜாக்கெட் வேறு நிறம். அந்த அம்மாவின் முகத்தில் இருந்த சந்தோஷத்தை நான் முன்பு பார்த்திருக்கிறேன். மழை வருமா வராதா என்று வெகுநாள் பார்த்துவிட்டுப் பார்ப்பதையே நிறுத்திவிட்டவர்கள் மேல் திடீரென்று முதல் தூறல் விழும்போது வருகிற முகம் அது.

“நட்சத்திரம் இன்னாங்க?” என்று மெதுவாகக் கேட்டார்கள்.

“ரோகிணி” என்றேன். சொன்ன பிறகுதான் மண்டையில் மணி அடித்தது. கூடைப்பந்துக்கு நட்சத்திரம் எதற்கு?

எழுந்து அப்போதே உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். எழவும் செய்தேன். “தோ, கை கழுவ இப்டி வாங்க” என்று மாமா அழைத்துப்போனார். திரும்பி வந்தால் தலைவாழை இலை. சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன், சோறு வைத்தார்கள். மறுபடி திறந்தேன், சாம்பார் ஊற்றிவிட்டார்கள். காலையிலிருந்து பட்டினி. சாம்பார் ஊற்றிய பிறகு உண்மை பேசுகிறவன் மகானாக இருப்பான், நான் தமிழாசிரியன்.

“பூக்காரி பன்னெண்டுன்னு சொல்லிகினு இருக்குது” என்றார் மாமா, வடையை வைத்தபடி. “அது எதையும் பெருசாத்தான் சொல்லும். ஒண்ணு ரெண்டு இருக்கும். அதுக்கின்னா, பாத்துக்கலாம்.”

 அந்த நேரத்தில்தான் வாசலில் செருப்புச் சத்தம். டிராக் பேன்ட், கழுத்தில் விசில், தோளில் பந்து போட்ட வலைப்பை. வளர்மதி என்னைப் பார்த்தார், இலையைப் பார்த்தார், அம்மாவின் புடவையைப் பார்த்தார்.

“சார்? ஆரணி காலேஜ் தமிழ் சார்தானே நீங்க?”

“காலேஜா?” என்றார் மாமா. “இன்னாடி சொல்றே? மாப்ள இல்லியா இவுரு?”

“அய்யய்யோ! அங்க வேலைக்கு எழுதிப் போட்டிருந்தேன் மாமா. என்னை இன்டர்வியூ பண்ணவரு இவுரு!”

கதவுக்குப் பின்னால் யாரோ களுக்கென்று சிரித்து, யாரோ அடக்கினார்கள். நான் எழுந்து நின்றேன். வலது கை முழுக்க ரசம் சோறு. விசாரிக்க வந்தது, வாக்குக் கொடுத்தது, மூச்சு விடாதது எல்லாவற்றையும் தலைகீழ் வரிசையில் உளறினேன். அம்மா புதுப்புடவையின் முந்தானையை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டார்கள், வீட்டு வேலைக்குத் திரும்புகிறவர்களைப் போல. பிறகு என்னைப் பார்த்துக் கேட்டார்கள்:

“சரிபா. அப்ப, வேலையாவது நிச்சயமா?”

 பதிலுக்குப் பதிலாகக் கையைக் கழுவிவந்து, பக்கத்தில் வைத்திருந்த தாம்பூலப் பையை அவர்களிடம் நீட்டிவிட்டு வெளியே வந்தேன். ஏன் நீட்டினேன் என்று இன்றுவரை தெரியாது.

வளர்மதி பஸ் நிலையம்வரை கூட வந்தார். பாதி தூரம் போன பிறகு சொன்னார்:

“நான் எழுதிப் போட்டது ஸ்கூலுக்குத் தெரியாது சார். ஏற்கெனவே பேத்திய ஒக்கார வெச்சதுல காண்டுல இருக்காங்க. சாயங்காலத்துக்குள்ள இது பிரசிடெண்டு காதுக்குப் போயிடும். வேற எடம் பாத்துகினு இருக்கிறவ எதுக்குன்னு நாளைக்கே அனுப்பிடுவாங்க. நீங்களும் எடுக்கலன்னா ரெண்டும் போச்சு.”

“நான் பேசறேன்...”

“தெருவுல இன்னா சொன்னாங்க என்னப் பத்தி?”

சொன்னேன். டீ தளும்புவதிலிருந்து வாசலில் நிற்பதுவரை. சிரிப்பார் என்று நினைத்தேன். அவர் பந்துப் பையை ஒரு தோளிலிருந்து இன்னொரு தோளுக்கு மாற்றிக்கொண்டார்.

“எங்கம்மா இன்னிக்கி ஒரு மணி நேரம் ரொம்ப சந்தோசமா இருந்தாங்க சார். அதுக்காக உங்கள மன்னிக்கறதா, அதுக்காகவே மன்னிக்காம இருக்கறதான்னு தெரியல.”

பஸ் வந்துவிட்டது. ஆரணிவரை வயலும் தெரியவில்லை, வானமும் தெரியவில்லை.

நேராகப் பட்டுக்கடைக்குப் போனேன். தாளாளர் ஆவலாகக் கேட்டார். சொல்லச் சொல்ல அவர் முகம் சுருங்கியது.

“சத்தம் போடுது, சபைக்கு வராது, பெரிய மனுசங்கள மதிக்காது. எல்லாமே கொறையா இருக்குதே சார். அந்த ஒசரமான பையனையே பாத்துடலாம்.”

“இதெல்லாம் மருமகளுக்குக் குறைங்க” என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. “நமக்கு மருமக வேணாம். ஜெயிக்கறதுக்காகத் தப்பு பண்ணாத ஒருத்தங்க வேணும். ஒரு பொண்ணு வரலன்னா ஏன் வரலன்னு போய் வாசல்ல நிக்கிறவங்க வேணும். உயரத்த வெச்சிகினு என்ன பண்றது? ஒட்டடையா அடிக்கப் போறோம்?”

கடைப்பையன்கள் புடவை மடிப்பதை நிறுத்திவிட்டார்கள். நான் மேலும் பேசினேன். தோல்வி, நம்பிக்கை, கோபத்தின் ஈரம் என்று வசனகவிதையே வந்தது. தாளாளர் அசையவில்லை. அந்தச் சொற்பொழிவால் ஒரு நூல்கூட நகரவில்லை என்பதை அடக்கத்தோடு பதிவு செய்கிறேன். பிறகு, வேலை போய்விடும் என்பதைச் சொல்வதற்காக நடந்ததை முதலிலிருந்து சொல்லத் தொடங்கி, இலை போட்ட இடத்துக்கு வந்தேன்.

அவர் நிமிர்ந்தார். “இருங்க. அவுங்க வூட்ல கை நனைச்சீங்களா?”

எங்கள் பக்கத்தில் பெண் பார்க்கப் போகிறவர்கள் சம்பந்தம் முடிவாகாமல் அந்த வீட்டில் சாப்பிட மாட்டார்கள். சாப்பிட்டுக் கை நனைத்துவிட்டால் சம்மதம் என்றுதான் பொருள்.

“நனைச்சேன்.”

“காபிதானே?”

“எல போட்டு... ரசம்வரைக்கும்.”

“மோர் இல்லியே?” என்றார் கடைசி நம்பிக்கையாக. பிறகு, “தாம்பூலம் கீம்பூலம் மாத்தினீங்களா?”

“மாத்தல. குடுத்துட்டேன்.”

தாளாளர் தலையில் கை வைத்துக்கொண்டு திண்டில் சாய்ந்தார். “ஆரணிலருந்து போய் எல போட்டு சாப்ட்டு, தாம்பூலமும் குடுத்துட்டு, ஊர் பூரா தெரிஞ்சப்புறம் பொண்ணு வேணாம்னா, வந்தவாசிலருந்து எவன் நம்ம கடையில பட்டெடுப்பான்? கூப்பிடுங்க சார் ஆபீசுக்கு. ஆர்டர் போடச் சொல்லுங்க.”

மறுநாள் காலை பழைய பள்ளியில் வளர்மதியைக் கூப்பிட்டு, இனி வர வேண்டாம் என்றார்களாம். அதற்குள் எங்கள் உத்தரவு அவர் போனுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது.

அன்று கடையிலிருந்து நான் வீட்டுக்குப் போய்ச் சேருவதற்குள் வந்தவாசியில் இருக்கும் மங்கையின் சித்தி அவளுக்குப் போன் செய்துவிட்டிருந்தாள். கதவைத் திறந்த மங்கை கேட்டது ஒன்றுதான்: “பொண்ணு புடிச்சிருக்குதா?”

இப்போது வளர்மதி அம்மாவோடு எங்கள் தெருவுக்கு அடுத்த தெருவில் குடியிருக்கிறார். முதல் வருடம் ஏறக்குறைய எல்லா ஆட்டத்திலும் தோற்றோம். பொறுப்பாசிரியராக நானும் அணியோடு போவேன். தோற்ற அன்று அவர் ஆட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசமாட்டார். முதலில் எல்லோருக்கும் சாப்பாடு. பிறகு பஸ்ஸில், அன்று ஒரு நிமிடம்கூட ஆட வாய்ப்புக் கிடைக்காத பெண்ணாகப் பார்த்து அவள் பக்கத்தில் போய் உட்காருவார். என்ன பேசுவார் என்று ஒட்டுக்கேட்டுப் பார்த்திருக்கிறேன். பெரும்பாலும் ஒன்றும் பேசமாட்டார். இதையெல்லாம் எந்த நேர்காணலில் எப்படிக் கேட்பது?

மங்கையும் அவரும் முதல் சந்திப்பிலேயே சேர்ந்துகொண்டார்கள். “அக்கா, உங்க வூட்டுக்காரர நான் வேணாம்னு சொல்லிட்டேன்க்கா” என்றார் வளர்மதி. “எனக்கு அன்னிக்கி அந்தப் புத்தி இல்லாமப் பூடுச்சே” என்றாள் மங்கை. கேட்டுக்கொண்டிருந்த அணிப் பெண்கள் அன்றிலிருந்து என்னை ‘மாப்ள சார்’ ஆக்கிவிட்டார்கள்.

வளர்மதியின் அம்மா மட்டும் விடவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து உட்கார்ந்து, என்னிடம் ரகசியமாகக் கேட்பார்கள். “உங்க காலேஜ்ல கல்யாணம் ஆவாத வாத்தியாரு யாருனா கீறாங்களாபா? நல்ல கொணமா, எங்க பொண்ணு சத்தத்துக்குத் தாங்கற மாதிரி? நீங்கதான் விசாரிச்சிச் சொல்லணும்.”

உள்ளேயிருந்து மங்கையின் குரல் வரும்.

“யார வேணா அனுப்புங்கம்மா, அவுர மட்டும் அனுப்பாதீங்க. எல போட்டா ஒக்காந்துடுவாரு.”